பதினோரு தாள்களில் ஒரே நடுப்பிணைப்பு

காவேரி யாரையும் நம்ப மாட்டாள். இதை அவளைப் பற்றிய புகாராக மற்றவர்கள் சொல்வதைவிட, அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வதுதான் அதிகம். பால் பாக்கெட்டின் தேதியை வாசலிலேயே நின்று படிப்பாள். பஸ்ஸில் ஏறினால் பலகையைப் படித்துவிட்டு கண்டக்டரிடமும் கேட்பாள். உட்கார்ந்த பிறகு பக்கத்து சீட்டுக்காரரிடமும் ஒருமுறை கேட்பாள். மூன்று பேச்சும் ஒத்துப்போனால்தான் பையை மடியிலிருந்து இறக்கிக் காலடியில் வைப்பாள். கல்யாணப் பேச்சு வந்தபோதுகூட, மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க இரண்டு பேரை ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் அனுப்பினாள். இருவரும் "அவருக்குக் கோபமே வராதுங்க" என்று ஒரே வாக்கியத்தைச் சொன்னதும், இரண்டு பேரும் வழியில் சந்தித்துப் பேசி வைத்துக்கொண்டார்களோ என்று மூன்றாவதாக ஒருவரையும் அனுப்பினாள். அந்த மாப்பிள்ளை நஞ்சுண்டசாமிதான் இருபத்தாறு வருடமாக அவளோடு குடும்பம் நடத்துகிறார். கோபம் வராது என்று சொன்னது உண்மைதான் போலிருக்கிறது.

ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடியானவர் வீட்டுப் பெண் காவேரி. மைசூரில் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தாள். முதலில் சில வருடங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் வேலை; தினம் பஸ்ஸில் போய் வந்தாள். பிறகு மைசூரிலேயே ஒரு தனியார் கல்லூரியில் நிரந்தர வேலை கிடைத்தது. விஜயநகரில் வீடு, ரயில்வேயில் கணவர், இன்ஜினியரிங் முடித்து பெங்களூருக்குப் போய்விட்ட மகள் தமிழ்ப்ரியா. வயது ஐம்பத்திரண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவுதான் அவள் கதை.

ஆனால் வகுப்பறைக்குள் அவளைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மற்ற ஆசிரியர்கள் பாடத்தை நம்பச் சொல்வார்கள். காவேரி சந்தேகப்படச் சொல்வாள். அதற்கு அவள் கையில் எடுக்கும் பாடம் எப்போதும் பியூட்டாடையீன்.

அது ஒரு சின்ன மூலக்கூறு. நாலு கார்பன் அணுக்கள் வரிசையாகக் கைகோத்து நிற்கும். படத்தில் வரையும்போது இரண்டு ஓரங்களிலும் இரட்டைக் கோடு போடுவார்கள், நட்ட நடுவில் ஒற்றைக் கோடு. இந்தப் படம் சொல்வது பாதிப் பொய். இரட்டைக் கோட்டில் இரண்டாவது கோட்டுக்குச் சொந்தமான எலக்ட்ரான்கள் அங்கேயே குந்தியிருப்பதில்லை. நாலு அணுக்களின் மேலும் உலாத்துகின்றன. அதனால் ஓரத்துப் பிணைப்புகள் கொஞ்சம் தளர்கின்றன, நடுப்பிணைப்பு கொஞ்சம் இறுகுகிறது. அந்த இரண்டாவது கோடு எந்த இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் எண்தான் பிணைப்புத் தரம். ஓரங்களில் 0.894, நடுவில் 0.447. இப்படி உலாத்துவதால் மூலக்கூறுக்கு ஒரு நன்மையும் உண்டு. இரண்டு இரட்டைப் பிணைப்புகளும் தனித்தனியே அடைந்து கிடந்தால் அவற்றின் உறுதி, பீட்டா என்ற அளவில், 4. உலாத்தும்போது 4.472. கூடுதலாகக் கிடைத்த அந்த 0.472 தான் நிலைப்பு ஆற்றல்.

இதில் காவேரிக்கு உச்சி குளிர்ந்துபோகும் இடம் ஒன்று உண்டு. மூன்று பிணைப்புத் தரங்களையும் கூட்டி இரண்டால் பெருக்கினால், கடைசி தசம இலக்கத்தில் முடியளவு வித்தியாசம் தவிர, அந்த 4.472 வந்தே தீரவேண்டும். ஆற்றலைக் கணக்கிடும் வழி வேறு, பிணைப்புத் தரத்தைக் கணக்கிடும் வழி வேறு. இரண்டு சாட்சிகளைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து விசாரிப்பது மாதிரி. வாக்குமூலம் ஒத்துப்போகாவிட்டால் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார். "புத்தகத்துல இருக்குதுன்னு நம்பாதீங்க, நான் சொன்னேன்னும் நம்பாதீங்க. ரெண்டையும் மோதவிட்டுப் பாருங்க" என்று வருடா வருடம் மேசையைத் தட்டுவாள். பிள்ளைகள் அதையும் அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

அந்த வருடம் மே மாதம், பட்டப்படிப்பு கடைசி செமஸ்டரின் விடைத்தாள் திருத்தும் முகாமில் காவேரியை முதல்முறையாகத் தலைமை மதிப்பீட்டாளராகப் போட்டார்கள். வேதியியல் தாள்களில் அவள் சொல்வதே முடிவு. முகாம் முழுவதற்கும் பொறுப்பு கௌரம்மா என்ற வரலாற்றுப் பேராசிரியை. நெற்றியில் பெரிய குங்குமம், மேசைமேல் எப்போதும் ஒரு வெந்நீர் பிளாஸ்க். வாசலில் செல்போன்களைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தாள்களில் பெயர் இருக்காது, ரகசிய எண் மட்டும். ஒரு கட்டில் நாற்பது தாள்கள். ஒரு கட்டு ஒரே கல்லூரியுடையது, ஆனால் எந்தக் கல்லூரி என்று திருத்துகிறவர்களுக்குத் தெரியாது.

இரண்டாம் நாள் காலை, ஒரு கட்டின் நடுவில் காவேரியின் சிவப்புப் பேனா நின்றது.

கேள்வி பியூட்டாடையீனேதான். பல வருடங்களாகப் பாடத்திட்டத்தில் ஒப்புக்கு இருந்த பகுதி. இந்த வருடம்தான் கணக்காகக் கேட்டிருந்தார்கள். எட்டு மதிப்பெண். விடையில் நடுப்பிணைப்பின் தரம் 1.000 என்று இருந்தது. நடுவில் முழு இரட்டைப் பிணைப்பு! ஓரங்களிலும் 0.894, நடுவிலும் 1.000 என்றால், நாலே கை உள்ள கார்பன் ஐந்தாவது கைக்கு எங்கே போகும்? சரி, பிள்ளை தப்புச் செய்துவிட்டது என்று விட்டுவிடலாம். ஆனால் அடுத்த வரியில், இரண்டு தடவை 0.894 கூட்டல் 1.000 கூட்டல் 0.894 சமம் 4.472, சரிபார்க்கப்பட்டது என்று எழுதியிருந்தது. கூட்டிப் பார்த்தால் 5.576 வருகிறது. கூட்டலே பொய்.

அடுத்த தாளைப் பிரித்தாள். 1.000. கீழே 4.472, சரிபார்க்கப்பட்டது. அதற்கடுத்த தாளில் சரியான விடை. அதற்கும் அடுத்ததில் மறுபடி 1.000, மறுபடி அதே பொய்க் கூட்டல். கட்டு முழுவதையும் புரட்டி முடித்தபோது பதினோரு தாள்கள் அவள் இடது கைப்பக்கம் சேர்ந்திருந்தன.

தப்பு தனித்தனியாக வரலாம். ஆனால் பொய் ஒரே மாதிரி வருமா? தேர்வறையில் யாரோ ஒருத்தர் எழுதியதை வரிசையாகக் காப்பியடித்திருக்கிறார்கள்; அல்லது மேற்பார்வை பார்த்தவரே விடையைச் சொல்லியிருக்கிறார். காவேரிக்கு மூக்கு வியர்த்தது. இத்தனை வருடச் சந்தேகத்துக்குக் கையும் களவுமாக ஒன்று மாட்டியிருக்கிறது. அவள் சந்தோஷப்பட்டாள் என்றே சொல்லவேண்டும். மறைத்து என்ன பிரயோஜனம்.

பதினோரு தாள்களையும் காவேரி கொண்டுபோய் மேசையில் வைத்ததும், கௌரம்மா கண்ணாடியைத் தூக்கி நெற்றிமேல் வைத்துக்கொண்டு கேட்டாள். அவர்கள் பேசியது கன்னடத்தில்.

"நிச்சயமா தெரியுமா, காவேரியவரே? காப்பின்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டா, பதினோரு பேருக்கும் தேர்வு ரத்து. கடைசி செமஸ்டர். ஒரு வருஷம் போயிடும்."

"கூட்டலே தப்பா இருக்குது மேடம். பதினோரு பேரும் அதே தப்பு. தானா வர்றதுக்கு வழியே இல்லை."

"நான் ஹிஸ்டரிக்காரி. எனக்கு இதெல்லாம் தெரியாது. உங்க கையெழுத்துதான் எனக்கு ஆதாரம்."

காவேரி கையெழுத்துப் போட்டாள். அறிக்கையை ஒரு பழுப்பு உறைக்குள் போட்டு கௌரம்மா பீரோவில் வைத்தாள். நாளைக் காலை பதினோரு மணிக்கு ஆள் வந்து மேலே கொண்டுபோவார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மிச்சத் தாள்களுக்கு மதிப்பெண் போட உட்கார்ந்தாள். அப்போதுதான் பன்னிரண்டாவதாக ஒரு தாள் கண்ணில் பட்டது. அதிலும் நடுவில் 1.000தான் இருந்தது, ஆனால் அந்தப் பிள்ளை கூட்டலை ஒழுங்காகக் கூட்டி 5.576 என்று எழுதியிருந்ததால் காலையில் இந்தப் பதினொன்றோடு சேராமல் தப்பிவிட்டது. கீழே ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: நோட்ஸில் 4.472 என்று இருக்கிறது, எனக்கு 5.576 வருகிறது, மூன்று முறை போட்டுப் பார்த்தேன், தப்பு எங்கே என்று தெரியவில்லை.

திருத்துகிறவரிடம் கெஞ்சும் தந்திரம் என்று நினைத்தாள் காவேரி. தப்பான விடை, சரிபார்ப்பும் சேரவில்லை. எட்டுக்கு இரண்டு போட்டாள். பேனாவை மூடிய பிறகுதான் 'நோட்ஸ்' என்ற சொல் உறுத்தியது. எந்த நோட்ஸ்? தேர்வறையில் காப்பியடித்தவர்களுக்கு நோட்ஸ் எதற்கு?

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் காபியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். திருத்தும் தாளைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்பதால் சுற்றி வளைத்துக் கேட்டாள்.

"ஏனுங்க, பதினோரு பேரு ஒரே மாதிரி பொய் சொல்லோணும்னா, எப்படிச் சொல்லுவாங்க?"

நஞ்சுண்டசாமி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கூடிப் பேசியிருப்பாங்க."

"கூடிப் பேசலைன்னா?"

"அப்புறமென்ன, ஒருத்தன் எல்லாத்துக்கும் சொல்லிக் குடுத்திருப்பான். குடுத்தவனைப் போய்ப் புடிப்பியா, அதை உட்டுப்போட்டு."

சொல்லிக் கொடுத்தவன் என்றதும் காவேரிக்கு ஒரு பெயர்தான் தோன்றியது. அக்ரஹாரத்தில் மாடியில் டியூஷன் நடத்தும் உதயகுமார். ஆளை அவள் நேரில் பார்த்ததில்லை. ஆனால் வேதியியல் என்றால் ஊரில் பாதிப் பிள்ளைகள் அங்கேதான் போகிறார்கள், கேள்வித்தாள் அவனுக்கு முன்னமே தெரிந்துவிடுகிறது என்றுகூட ஒரு பேச்சு. அந்தப் பேச்சைப் பரப்பியவர்களில் காவேரியும் ஒருத்தி.

காபியை அப்படியே வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். முகாமில் இருக்கும் மதிப்பீட்டாளர் டியூஷன் வாத்தியாரைப் போய்ப் பார்ப்பது விதிப்படி தப்பு. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் போனாள்.

கோயில் தாண்டி, பாத்திரக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் குறுகலான படி. மேலே நாலு பெஞ்சு, ஒரு வெள்ளைப் பலகை. வகுப்பு முடிந்து உதயகுமார் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பத்துப் பையன் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள்.

"பன்னி பன்னி" என்று கன்னடம் கலந்த தமிழில் வரவேற்றான். "உள்ள வாங்க அக்கா. யாருக்கு டியூஷன்?"

"என் மகளுக்கு" என்றாள் காவேரி. படிப்பை முடித்து மூன்று வருடமாகச் சம்பளம் வாங்கும் மகள். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவளுக்கே ஆச்சரியம். "பி.எஸ்ஸி. கடைசி வருசம் போறா. இந்த பாண்ட் ஆர்டர் பாடம் சுத்தமாப் புரியலைங்கறா. நீங்க நோட்ஸ் தருவீங்களாமே?"

அவன் சிரித்தான். "அதுக்கா? அந்தப் பாடம் நான் நடத்தறதே இல்ல அக்கா. எனக்கு ஆர்கானிக்தான் வரும், கணக்கு பர்றதில்ல. ஆனா பழைய நோட்ஸ் ஒண்ணு இருக்கு. கீழ மாதேவி அக்கா ஜெராக்ஸ் கடையில எப்பவும் ஒரு காப்பி வச்சிருப்பாங்க. நான் படிக்கறப்பவே அதுதான். யாரு எழுதினாங்கன்னு தெரியாது. ஆனா எழுதினவங்க பெரிய ஆளு அக்கா. சும்னே எழுதல, யோசிச்சு யோசிச்சு எழுதியிருக்காங்க."

அலமாரியிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கட்டை எடுத்து, பியூட்டாடையீன் பக்கத்தைத் திருப்பி அவளிடம் நீட்டினான்.

காவேரி பார்த்தாள். கோடு போட்ட நோட்டுத்தாள். சற்றே இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. 4 எழுதும்போது மேலே மூடிவிடும் பழக்கம். அடிக்கோடு போடாமல் பெட்டி கட்டும் பழக்கம். அது அவளுடைய கையெழுத்து.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வேலை பார்த்தபோது ஒரு வகுப்புக்காக எழுதிக் கொடுத்த பன்னிரண்டு பக்கங்கள் அவை. யாரோ ஒரு மாணவி நகல் எடுத்திருப்பாள். நகலிலிருந்து நகல், அதிலிருந்து நகல் என்று வருடக்கணக்கில் பெருகி இங்கே வந்து நிற்கிறது. காவேரி அருகிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு விஷயம் மட்டும் அக்கா" என்றான் உதயகுமார். "இந்தப் பக்கத்துல நடுவுல இருக்கற விடையை எழுதாம காலியா விட்டிருக்காங்க. பசங்களே போடணும்னு. போட்டா ஒண்ணுன்னு வரும். ஆனா கடைசி டோட்டல் ஒத்து வராது. நானும் ரெண்டு மூணு வாட்டி போட்டுப் பாத்தேன், ஆகல்ல. அவ்வளவு பெரியவங்க தப்பாவா எழுதியிருப்பாங்க? நமக்குத்தான் ஏதோ புரியலன்னு விட்டுட்டேன். பசங்ககிட்டயும் டோட்டலை அப்படியே எழுதுங்கன்னு சொல்லிட்டேன்."

ஆமாம், காலியாக விட்டது அவள்தான். விடையை எழுதிக் கொடுத்தால் பிள்ளைகள் உருப்போட்டுவிடுவார்கள் என்ற சந்தேகம். நடுப்பிணைப்பை அவர்களே கண்டுபிடிக்கட்டும், கடைசி மொத்தத்தோடு மோதவிட்டுச் சரிபார்க்கட்டும் என்று திட்டம் போட்டு விட்ட காலியிடம் அது. அந்தத் திட்டத்தில் அப்போது அவளுக்கு எத்தனை பெருமை!

பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். ஒவ்வொரு அணுவுக்கும் உரிய எண்கள் இரண்டு வரிசையாக இருந்தன. மேல் வரிசையில் எல்லாம் கூட்டல் எண்கள். கீழ் வரிசையில் கடைசி இரண்டு எண்களுக்கு முன்னால் மைனஸ் இருக்கவேண்டும். அந்த மைனஸால்தான் நடுப்பிணைப்பில் ஒரு பகுதி கழிந்து 0.447 ஆகிறது. கழிக்காமல் கூட்டினால் 1.000. இந்தத் தாளில் மைனஸ் இல்லை.

ஏன் இல்லை என்பது அவளுக்கு உடனே புரிந்தது. லாகரிதம் புத்தகத்தை வைத்துக் கணக்குப் போட்டு வளர்ந்தவள் அவள். அதில் மைனஸை எண்ணுக்கு முன்னால் போடமாட்டார்கள், எண்ணின் தலைமேல் சின்னக் கோடாகப் போடுவார்கள். அந்தப் பழக்கத்தை எல்லா எண்ணுக்கும் வைத்துக்கொண்டவள் காவேரி. முன்னால் போட்ட மைனஸை எவனாவது அழித்துவிடலாம் என்று அதற்கும் ஒரு சந்தேகக் காரணம் சொல்வாள். தலைமேல் போட்ட கோடு, நோட்டுத்தாளின் அச்சுக் கோட்டின் மேலேயே போய் உட்கார்ந்திருக்கிறது. நீல மையில் எழுதிய மூலத்தில் அது பளிச்சென்று தெரிந்திருக்கும். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் இரண்டும் ஒரே கோடாகிவிட்டன.

"என்னாச்சு அக்கா? தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம்ப்பா. இந்த ஒரு பக்கம் நான் எடுத்துக்கட்டுமா?"

"முழு செட்டே எடுத்துக்கோங்க. உங்க மகளுக்குச் சொல்லுங்க, இதை எழுதினவங்களை மட்டும் நம்பினாப் போதும், பாஸ்."

படியிறங்கித் தெருவுக்கு வந்தவள் ஸ்கூட்டர் சாவியைப் போடாமல் வெகுநேரம் நின்றாள். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. தேர்வறையில் எவரும் எவரைப் பார்த்தும் எழுதவில்லை. பதினோரு பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து, அவள் எழுதியதை அவள் சொன்னபடி போட்டு, விடை சேராதபோது தங்கள் கணக்கைச் சந்தேகப்பட்டு, அவளை நம்பியிருக்கிறார்கள். அதற்கு அவள் கொடுத்த பரிசு அந்தப் பழுப்பு உறை.

வீட்டில் நஞ்சுண்டசாமியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பக்கத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல உன் பேரு இல்லையே."

"இல்லீங்க."

"அந்தப் பையனுக்கும் தெரியாது."

"தெரியாது. நான் வாயைத் தொறக்காட்டி யாருக்குமே தெரியாது. காப்பின்னு எழுதுனது காப்பியாவே போயிரும். சொன்னா, அடுத்த வருசத்துல இருந்து என்னைத் திருத்தறதுக்கே கூப்பிட மாட்டாங்க. காலேஜுல தலை நிமிர முடியாது. இவளா, எல்லாத்துலயும் தப்புக் கண்டுபுடிக்கிறவளான்னு சிரிப்பாங்க."

அவர் பக்கத்தை மடித்து அவள் கையில் கொடுத்தார். "அதுங்களுக்கு ஒரு வருசம் போயிருமே, காவேரி" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் முகாம் திறக்கும்போதே காவேரி வாசலில் நின்றாள். ஒன்பது மணி. உறை போக இன்னும் இரண்டு மணி நேரம். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். நேற்றுக் காப்பி என்று சத்தியம் பண்ணியவள் இன்று இல்லை என்றால் யார் நம்புவார்கள்? அவளாக இருந்தால் நம்பமாட்டாள். அதனால் எதையும் விளக்காமல் ஜெராக்ஸ் பக்கத்தை கௌரம்மாவின் மேசையில் வைத்தாள்.

"மேடம், காரணம் அப்புறம் சொல்றேன். நடுவுல ஒரு காலியிடம் இருக்குது பாருங்க. எதைப் பெருக்கணும், எதைக் கூட்டணும்னு மேலேயே எழுதியிருக்குது. கெமிஸ்ட்ரி தெரியவேண்டியதில்லை, கால்குலேட்டர் போதும். கொஞ்சம் போட்டுக் குடுங்க."

கௌரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஏதோ வலை என்று நினைத்தது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் மேசைக் கால்குலேட்டரை இழுத்துக்கொண்டாள். பொறுமையாக ஒவ்வொரு எண்ணாகத் தட்டினாள். பெருக்கினாள், கூட்டினாள், காலியிடத்தில் 1.000 என்று எழுதினாள்.

"அடுத்து என்ன? எல்லாத்தையும் கூட்டி ரெண்டால பெருக்கணுமா?" தட்டினாள். நெற்றி சுருங்கியது. மறுபடி தட்டினாள். "எனக்கு அஞ்சரைக்கு மேல வருதே. இங்க 4.472ன்னு இருக்குது." மூன்றாம் முறையும் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பட்டன் ஏதோ தப்பா அமுக்கறேன் போல. எழுதினவங்க தெரிஞ்சுதான் எழுதியிருப்பாங்க." பேனாவால் 4.472ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பக்கத்தில் சரி என்று டிக் அடித்தாள்.

"அந்தப் பதினோரு பேரும் இதைத்தான் மேடம் பண்ணியிருக்காங்க" என்றாள் காவேரி.

கௌரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். காவேரி எல்லாவற்றையும் சொன்னாள். தலைமேல் போட்ட மைனஸ், அச்சுக்கோடு, ஜெராக்ஸ், காலியிடம்.

"இது உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

"அக்ரஹாரத்துல ஒரு டியூஷன்ல."

"முகாம்ல இருந்துட்டு டியூஷனுக்குப் போனீங்களா? நேத்துக் காப்பின்னு எழுதிக் குடுத்தீங்க. சாயங்காலம் டியூஷன்காரரைப் பாத்தீங்க. காலையில வந்து காப்பி இல்லேங்கறீங்க. நடுவுல உங்ககிட்ட யாரு என்ன பேசினாங்கன்னு நான் சந்தேகப்படலாமா, கூடாதா?"

"படணும் மேடம். நானா இருந்தா இதைவிட மோசமாக் கேட்டிருப்பேன்" என்றாள் காவேரி. ராத்திரி வீட்டில் தேடியெடுத்த தன் பழைய நீண்ட நோட்டைப் பையிலிருந்து எடுத்து, அதே பக்கத்தைத் திறந்து ஜெராக்ஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். மங்கிய நீல மையில், கடைசி இரண்டு எண்களின் தலைமேல் இரண்டு கோடுகள். மற்றதெல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்று. "இதை எழுதினது நான்தான். டியூஷன்காரருக்கு அதுகூடத் தெரியாது. நேத்து நான் கையெழுத்துப் போட்ட அறிக்கையையும் எடுத்து எழுத்தைப் பக்கத்துல வச்சுப் பாருங்க."

கௌரம்மா எழுந்து பீரோவைத் திறந்தாள். உறையைப் பிரித்து அறிக்கையை வெளியே எடுத்தாள். அறிக்கை, நோட்டு, ஜெராக்ஸ் மூன்றையும் வரிசையாக வைத்து, கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, வரலாற்றுக்காரர்கள் பழைய ஓலையைப் பார்ப்பதுபோல் எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். மூடிய 4, பெட்டி கட்டின விடை. கடிகாரத்தில் பத்து மணியாகிவிட்டிருந்தது.

கடைசியில் அறிக்கையின் குறுக்கே கோடு போட்டு, ரத்து என்று எழுதி, தேதி போட்டாள்.

"ஆனா உங்களை இனிமே இங்க வச்சுக்க முடியாது. நடந்ததை அப்படியே கடிதமா எழுதிக் குடுங்க, உங்க பேரோட. இந்தக் கட்டை வேற ஒருத்தர்கிட்ட குடுத்துடறேன். நீங்க இதுல எந்தத் தாளையும் இனித் தொடக்கூடாது."

காவேரி தலையாட்டினாள். வெள்ளைத்தாளை வாங்கி நின்றபடியே எழுதத் தொடங்கினாள். அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆனால் கடிதத்தைக் கையை விட்டு விடாமல் நின்றாள்.

"இன்னும் என்ன, காவேரியவரே?"

"பன்னண்டாவதா ஒரு தாள் இருக்குது மேடம். அந்தப் பிள்ளைக்கும் தப்பான விடைதான். ஆனா நோட்ஸுல இருக்கற மொத்தம் தன் கணக்கோட சேரலைன்னு ஓரத்துல எழுதியிருக்குது. மூணு தடவை போட்டுப் பாத்தேன்னு எழுதியிருக்குது. எழுதினவங்க பெரியவங்கன்னு அது நம்பலை." காவேரி கடிதத்தை மேசைமேல் வைத்தாள். "அதுக்கு நான் எட்டுக்கு ரெண்டு போட்டுட்டேன். இத்தனை வருசமா நான் நடத்தின பாடத்தைச் சரியாக் கத்துக்கிட்டது அந்த ஒரு பிள்ளைதான்."